கண்மாய்க் கரையில் ஊருக்கொரு மண்டபம்: இடம் தேடுவதிலிருந்து திறப்பு வரை முழு வழிகாட்டி

சாயங்காலம் ஆறு மணிக்கு வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்துப் பக்கம் போனால் சுற்றுச்சுவர் நெடுக ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். வேலை முடித்து வந்தவர்கள், பிள்ளைகளைக் கூட்டி வந்த தாய்மார், தனியாக வந்து காற்று வாங்கும் பெரியவர்கள். தண்ணீரைப் பார்த்து உட்கார மதுரைக்காரர்களுக்கு அவ்வளவு ஆசை. நகரைச் சுற்றி வண்டியூர், மாடக்குளம், செல்லூர், தென்கால் என்று எத்தனையோ கண்மாய்கள் இருக்கின்றன. ஆனால் பெரும்பாலான கண்மாய்க் கரைகளில் நிழலாக உட்கார ஓர் இடம் கிடையாது. மழை வந்தால் ஒதுங்க முடியாது. கூட வந்த அம்மாவுக்கு அவசரம் என்றால் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

அந்தக் குறையைத் தீர்க்கும் ஒரு பொதுக் கட்டடத்தை எப்படி யோசிப்பது, எப்படி வரைவது, எப்படிக் கட்டுவது என்பதை எழுதுகிறேன். மாமன்ற உறுப்பினர்கள், குடியிருப்போர் சங்கத்தார், இப்போதுதான் தொழிலுக்கு வந்திருக்கும் கட்டடக்கலைஞர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து எழுதியது. நான் இதைக் கரை மண்டபம் என்று சொல்கிறேன்.

இப்படிப்பட்ட கரைக் கட்டடத்துக்கு வெளியூர் உதாரணம் ஒன்று சொல்கிறேன். அமெரிக்காவில் சிகாகோ நகரம் மிச்சிகன் ஏரிக்கரையில் இருக்கிறது. அங்கே ஏரிக்கரை மணலையும் பீச் என்றுதான் சொல்வார்கள். குளிக்க வருகிறவர்கள் உடை மாற்ற, கழிப்பறை போக, நிழலில் உட்கார என்று கரையோரம் பொதுக் கட்டடங்கள் உண்டு. 63-ஆம் தெருவில் இருப்பது 1919-ல் கட்டியது. அதற்கும் வெகுகாலம் முன்பு, 1836-ல், அந்த ஊர் வரைபடத்தில் ஏரியோர நிலத்தின் மேல் 'இது பொதுநிலம், கட்டடமோ தடையோ இல்லாமல் என்றைக்கும் திறந்தே இருக்க வேண்டும்' என்ற பொருளில் எழுதி வைத்தார்கள். கரையில் கட்ட நினைக்கிறவர் முதலில் அந்த வரியைப் படிக்க வேண்டும்.

ஆனால் அங்கிருந்து படத்தை எடுத்து இங்கே ஒட்ட முடியாது. மிச்சிகன் ஏரியின் மட்டம் பதிவான உச்சத்தைத் தொட்டது 1986-ல், தாழ்வைத் தொட்டது 2013-ல். இரண்டுக்கும் வித்தியாசம் ஏறக்குறைய ஆறு அடி. நம் கண்மாய் கார்த்திகையில் நிரம்பி மறுகால் பாயும், சித்திரையில் தரை வெடித்துக் கிடக்கும், மழை பொய்த்தால் இரண்டு வருடம்கூட அப்படியே கிடக்கும். ஆகவே தண்ணீர் இருக்கும் நாலு மாதத்துக்கு மட்டும் அழகாக இருக்கும் கட்டடம் நமக்கு உதவாது. தண்ணீரே இல்லாத எட்டு மாதமும் ஜனங்கள் அங்கே வர வேண்டும். இந்த வழிகாட்டியில் வரும் ஒவ்வொரு முடிவும் இந்த ஒரு கவலையிலிருந்து பிறந்ததுதான்.

இடம் பார்ப்பது

நீர்ப்பிடிப்புக்குள் கட்டக் கூடாது. இதில் பேச்சுக்கே இடமில்லை. 2007-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றுதல் சட்டம் இருக்கிறது. நீர்நிலைப் புறம்போக்கைக் காப்பாற்றச் சொல்லும் நீதிமன்றத் தீர்ப்புகளும் இருக்கின்றன. பொதுக் கட்டடம்தானே, ஜனங்களுக்காகத்தானே என்று சொல்லி உள்வாயில், அதாவது தண்ணீர் நிற்கும் பகுதியில், கால் வைத்தால், நாளைக்கு வேறொருவர் கம்பி வேலி போடும்போது கேட்க நமக்கு வாய் இருக்காது. 2024 அக்டோபர் 25 அன்று மதுரையில் கொட்டிய மழையில் செல்லூர்ப் பக்கத்துத் தெருக்களில் தண்ணீர் புகுந்ததைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கரையின் மேலும் கட்டக் கூடாது. கரை என்பது பார்வைக்கு மேடான ரோடு மாதிரி இருந்தாலும் அது ஒரு மண் அணை. அதில் அஸ்திவாரம் தோண்டினால் நீர் கசிய வழி உண்டாகும். புறங்கரையின், அதாவது தண்ணீர் இல்லாத வெளிப்பக்கச் சரிவின், அடிவாரத்தைத் தோண்டுவது அதைவிட ஆபத்து, ஏனென்றால் கரை நிற்பதே அந்த அடியின் பலத்தில்தான். பாசனத்துக்குத் தண்ணீர் திறக்கும் மடைக்கும், மிகுந்த தண்ணீர் வழிந்து போகும் கலுங்குக்கும் பக்கத்திலும் வேண்டாம். வெள்ளக் காலத்தில் அங்கே ஆட்கள் ஓடி வேலை பார்க்க வேண்டியிருக்கும், மணல் மூட்டை இறக்க லாரி வர வேண்டியிருக்கும். இரண்டிலிருந்தும் முப்பது மீட்டராவது தள்ளி நில்லுங்கள் என்பது என் கணக்கு.

அப்படியானால் எங்கேதான் கட்டுவது? கண்மாயின் கரை ஒரு வில் மாதிரி வளைந்திருக்கும். இரண்டு முனையிலும் அது இயற்கையான மேட்டு நிலத்தோடு போய்ச் சேரும். அந்த முனைகளை ஒட்டி, நீர்நிலை எல்லைக்கு வெளியே, மாநகராட்சிக்கோ ஊராட்சிக்கோ சொந்தமான துண்டு நிலம் சில சமயம் கிடைக்கும். அதுதான் சரியான இடம். தரை கெட்டியாக இருக்கும், சாலையிலிருந்து வரவும் சுலபம். தண்ணீரைப் பக்கவாட்டில் பார்ப்பதால் கரை முழுவதும் கண்ணுக்குத் தெரியும். நிலத்தின் எல்லை அளவைக் காட்டும் புலப்படத்தையும், நிலம் யாருடையது என்று சொல்லும் அ-பதிவேட்டையும் வாங்கி, சர்வேயரோடு போய் எல்லைக் கல் எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகே பென்சிலைத் தொடுங்கள்.

மட்டம் எடுப்பது

என் அனுபவத்தில் மிகப் பெரிய தவறு நடந்தது இங்கேதான். பல வருடங்களுக்கு முன் மேலூர்ப் பக்கம் ஒரு கண்மாயோரம் சிறிய நிழற்கூடமும் கழிப்பறையும் வரைந்து கொடுத்தேன். சித்திரையில் போய் அளந்தோம். கண்மாய் காய்ந்து கிடந்தது. மடை பார்க்கும் பெரியவர் ஒருவர் வந்து, "தம்பி, கலுங்குல தண்ணி விழுகுறப்ப வந்து பாருங்க. இந்த எடத்துல முழங்கால் நனையும்" என்றார். கடைசி நாலைந்து வருடத் தண்ணீர்த் தடத்தைப் பார்த்துவிட்டு, அவ்வளவு வராது என்று நான் தீர்மானித்துவிட்டேன். அந்தக் கார்த்திகையில் கண்மாய் பெருகியது. புதிதாகக் கட்டிக் காலியாக இருந்த மலத்தொட்டி, நிலத்தடி நீர் ஏறியதும் ஓர் அடி உயரத்துக்கு மேலே தூக்கிக்கொண்டு வந்து குழாய்களை எல்லாம் உடைத்துவிட்டது.

கணக்கு எளிது. வெளியளவில் இரண்டு மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழம் உள்ள ஒரு தொட்டியின் கன அளவு 4.5 கன மீட்டர். சுற்றிலும் தண்ணீர் மேல்மட்டம் வரை நின்றால் அதை 4.5 டன் விசை மேலே தள்ளும். காலித் தொட்டியின் எடையும் மேலே கிடக்கும் மண்ணின் எடையும் அதைவிடக் குறைவாக இருந்தால் அது படகுதான். அன்றைக்கு இந்தக் கணக்கை நான் போடவில்லை. அந்தப் பெரியவர் சொன்னதையும் கேட்கவில்லை.

அதனால் இப்போது செய்வது இது. கலுங்கின் மேல்மட்டம்தான் கண்மாயின் முழுக் கொள்ளளவு மட்டம். அதைச் சுழியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லா உயரத்தையும் அதிலிருந்து அளந்து எழுதுங்கள். வெள்ளம் வரும்போது கலுங்குக்கு மேலேயும் தண்ணீர் நின்று வழியும், அதுதான் உச்ச வெள்ள மட்டம். நீர்வளத்துறையின் கண்மாய் விவரக் குறிப்பில் இந்த இரண்டும், கரை உச்சியின் மட்டமும் இருக்கும். மண்டபத்தின் தரை கரை உச்சிக்குக் கீழே இருக்கவே கூடாது. லெவல் கருவி கிடைக்கவில்லை என்றால் கொத்தனார் வைத்திருக்கும் தண்ணீர் டியூப் போதும், பொறுமையாக எடுத்தால் சரியாகவே வரும். அப்புறம் கண்மாயோடு ஐம்பது வருடம் பழகிய மூன்று பேரை இடத்துக்குக் கூட்டிவந்து, எந்த வருடம் எதுவரை தண்ணீர் வந்தது என்று கையால் காட்டச் சொல்லுங்கள். மூன்று பேரும் ஒரே இடத்தைக் காட்டினால் அது எந்த வரைபடத்தையும் விட உறுதி.

யாரிடமெல்லாம் பேச வேண்டும்

நடைப்பயிற்சிக்கு வருகிறவர்களிடம் மட்டும் பேசிவிட்டு வரைய உட்காராதீர்கள். கண்மாய்த் தண்ணீரில் பாசனம் செய்யும் ஆயக்கட்டு விவசாயிகள் இன்னும் இருந்தால் அவர்களிடம் முதலில் போக வேண்டும், தண்ணீரின் மேல் உரிமை அவர்களுக்கு. மீன் குத்தகை எடுத்தவருக்கு வலை இறக்கவும் பெட்டி ஏற்றவும் வழி வேண்டும். ஆடு மாடு ஓட்டி வருகிறவர் எந்தப் பக்கமாகத் தண்ணீருக்கு இறங்குகிறார், துவைக்க வருகிற பெண்கள் எந்தக் கல்லைப் பயன்படுத்துகிறார்கள் என்று பாருங்கள். அந்தக் கல்லை எடுத்துவிட்டு அங்கே பூச்செடி வைத்தால் அவர்களை அந்த இடத்திலிருந்து துரத்தியதாகிவிடும்.

கரையில் அய்யனாரோ கருப்பசாமியோ சப்த கன்னிமாரோ இல்லாத கண்மாய் நம் பக்கத்தில் அபூர்வம். மண்குதிரைகளைச் சுமந்து வரும் புரவி எடுப்பு எந்த வழியாக வருகிறது, பொங்கல் வைக்க எவ்வளவு கூட்டம் வரும், சாமியாட்டத்துக்கு எவ்வளவு இடம் விட வேண்டும் என்று பூசாரியிடம் கேளுங்கள். கோடையில் தண்ணீர் வற்றிக் கண்மாயை எல்லோருக்கும் மீன் பிடிக்கத் திறந்துவிடும் மீன்பிடித் திருவிழா நடக்கும் ஊராக இருந்தால், ஒரே காலையில் ஆயிரக்கணக்கானோர் ஊத்தா, கச்சா போன்ற மீன்பிடிக் கருவிகளோடு கரையில் நிற்பார்கள். உங்கள் மண்டபம் அவர்கள் வழியை மறிக்கக் கூடாது.

மாதிரிக்குப் பந்தல்

கணினியில் வண்ணப் படம் போட்டுக் கூட்டத்தில் காட்டுவார்கள். எல்லோரும் தலையாட்டுவார்கள். அதைவிட நல்ல வழி நம் ஊரில் இருக்கிறது. நினைத்த இடத்தில் கயிறு கட்டிச் சுண்ணாம்புப் பொடியால் கோடு போடுங்கள். அதே அளவில் பந்தல்காரரை வைத்துச் சவுக்குக் கம்பும் தென்னங்கீற்றும் கொண்டு பத்து நாளுக்கு ஒரு பந்தல் போடுங்கள். நாலு பெஞ்சும் ஒரு தண்ணீர்ப் பானையும் வைத்தால் போதும்.

அந்தப் பத்து நாளும் ஒரு நோட்டோடு உட்காருங்கள். நாலரை மணிக்கு வெயில் எதுவரை உள்ளே வருகிறது? பெண்கள் எந்த மூலையில் உட்காருகிறார்கள், எந்த மூலையைத் தவிர்க்கிறார்கள்? பந்தலுக்குள் வராமல் வெளியே மரத்தடியில் நிற்பவர் ஏன் நிற்கிறார்? ஒரு பந்தலில் நான் தெரிந்துகொண்டது, ஆட்கள் தண்ணீரைப் பார்த்து உட்காருவதைப் போலவே வருகிற போகிற ஆளையும் பார்க்க ஆசைப்படுகிறார்கள் என்பது. அதன் பிறகு ஒரு பக்கம் மட்டும் பார்க்கும் இருக்கை வரிசையை நான் வரைவதே இல்லை. திண்ணை மாதிரி அகலமாக, இரண்டு பக்கமும் கால் தொங்கப்போட்டு உட்காரும்படி போடுகிறேன்.

வடிவம்: நம்மிடம் ஏற்கெனவே இருப்பது

வைகைக்குள் தேனூர் மண்டபம் நிற்கிறது. சித்திரைத் திருவிழாவில் அழகர் வரும் வழியெல்லாம் மண்டகப்படி மண்டபங்கள் இருக்கின்றன. கல் தூண், மேலே கல் கூரை, சுவர் கிடையாது. வெள்ளம் வந்தால் தூண்களுக்கு இடையே ஓடிவிடும், வெயில் வந்தால் நிழல் கொடுக்கும், திருவிழாவுக்குச் சாமி, மற்ற நாளில் யார் வேண்டுமானாலும். பூட்டும் கதவும் இல்லாததால் யாரும் கைப்பற்றிக்கொள்ளவும் முடியாது. பொதுக் கட்டடத்துக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

திருமலை நாயக்கர் 1645-ல் அமைத்த தெப்பக்குளம் இன்னொரு பாடம். ஏறக்குறைய ஆயிரம் அடிக்குத் தொள்ளாயிரத்து ஐம்பது அடி பரப்பு, நாலு பக்கமும் கல் படித்துறை, நடுவில் மைய மண்டபம். தைப்பூசத்துக்குத் தெப்பம் ஓடும். தண்ணீர் இல்லாமல் கிடந்த ஆண்டுகளில் பையன்கள் அதற்குள் கிரிக்கெட் ஆடினார்கள். குளம் வறண்டு கிடப்பது வருத்தம்தான். ஆனால் படிக்கட்டு அப்போதும் பார்வையாளர் இருக்கையாக இருந்ததைக் கவனியுங்கள். நீர் இருக்கும்போதும் இல்லாதபோதும் பயன்படும் ஒரே உறுப்பு படிதான்.

எனவே என் வரைபடம் பெரும்பாலும் இப்படித்தான் வரும். சாலைப் பக்கம் சுவரோடு கூடிய சிறிய பகுதி, அதில் கழிப்பறை, உடை மாற்றும் அறை, குழந்தைக்குப் பாலூட்டும் அறை, காவலர் அறை. அதிலிருந்து தண்ணீரை நோக்கி நீளும் தூண் மண்டபம், சுவரே இல்லாமல். மண்டபத்தின் முகப்பிலிருந்து நம் நிலத்தின் எல்லை வரை அகலப் படிகள். நிலம் முடியும் இடத்தில் படியும் முடிய வேண்டும். அதற்கு அப்பால் ஏற்கெனவே உள்ள இறக்கத்தையோ, அலை அரிக்காமல் பதித்த அலைகல்லையோ சரிசெய்ய வேண்டுமானால் நீர்வளத்துறை அனுமதியோடு அவர்கள் சொல்லும் விதத்தில்தான்.

நடப்பதற்கான படி 15 செ.மீ. உயரமும் 30 செ.மீ.க்குக் குறையாத அகலமும், உட்காருவதற்கான படி 45 செ.மீ. உயரமும். மூன்று நடைப்படிக்கு ஓர் உட்காரும் படி என்று கலந்து போட்டால் கூட்ட நாளில் யாரும் வழியில் உட்கார மாட்டார்கள். கல்லைப் பாலீஷ் செய்யாதீர்கள். மேலூர்ப் பக்கத்துக் கருங்கல்லைக் கொத்திச் சொரசொரப்பாகவே போடுங்கள். ஈரம் பட்டால் ஆத்தங்குடித் தரை ஓடும் வழுக்கும், எவ்வளவு அழகாக இருந்தாலும் இங்கே வேண்டாம்.

வெயில், காற்று, மழை

மதுரை வட அட்சம் பத்து டிகிரிக்கு மிக அருகில் இருக்கிறது. சித்திரை தொடக்கத்திலும் ஆவணி நடுவிலும் உச்சிச் சூரியன் நேர் தலைக்கு மேல் நிற்கும். இடைப்பட்ட மாதங்களில் சற்று வடக்கே சாயும், மற்ற மாதங்களில் தெற்கே. மார்கழியில் உச்சி வேளையிலும் தரையிலிருந்து ஏறக்குறைய 57 டிகிரி உயரத்தில்தான் இருக்கும். அதனால் தெற்குப் பக்கம் ஒரு மீட்டர் தாழ்வாரம் நீட்டினால் அப்போது ஒன்றரை மீட்டர் சுவருக்கு நிழல் கிடைக்கும். இரண்டரை மீட்டர் நீட்டினால் முழுச் சுவரும் தப்பித்துவிடும்.

மேற்குப் பக்கம் கதை வேறு. நாலு மணிக்கு மேல் சூரியன் தாழ்ந்து நேராக முகத்தில் அடிக்கும். எவ்வளவு தாழ்வாரம் நீட்டினாலும் தடுக்க முடியாது. ஜனங்கள் வருவதும் சரியாக அந்த நேரத்தில்தான். கண்மாய் மேற்கே இருக்கும் மனை என்றால் பார்வையும் வெயிலும் ஒரே திசையில் மோதும். துளை விட்டுக் கட்டும் செங்கல் ஜாலிச் சுவரைப் பாதி நீளத்துக்கு எழுப்பி மீதியை மரத்துக்கு விடுங்கள். கண்மாய் கிழக்கே இருக்கும் மனை கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். சாயங்காலம் கட்டடத்தின் நிழலே படிகளின் மேல் விழும்.

ஆடிக்காற்று மேற்கிலிருந்து புழுதியோடு வரும். கண்மாய் வறண்டிருக்கும் காலம் அது, உள்வாய்த் தூசி முழுவதும் மண்டபத்துக்குள் வந்து இறங்கும். மழையோ ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து சாரலாக அடிக்கும். ஆண்டு மழை ஏறக்குறைய 850 மி.மீ., அதில் பாதிக்கு அருகில் அந்தப் பருவத்தில்தான். எனவே கூரையின் வடகிழக்கு விளிம்பைத் தாழ்வாக இறக்குங்கள். 150 சதுர மீட்டர் கூரை இருந்தால், எண்பது சதவீதம் பிடித்தாலே வருடத்துக்கு ஒரு லட்சம் லிட்டர் கிடைக்கும். கழிப்பறைத் தேவையில் நல்ல பங்கு அதிலேயே ஓடும்.

கூரைக்கு என் விருப்பம், காங்கிரீட் தளத்தின் அடிப்பாதியில் மண் சட்டிகளைக் கவிழ்த்துப் பதிக்கும் முறை. தளத்தின் அடிப்பகுதியில் வரும் இழுவிசையைக் காங்கிரீட் தாங்காது, கம்பிதான் தாங்கும்; அங்கே காங்கிரீட்டுக்குப் பதில் சட்டி இருப்பதால் எடையும் செலவும் குறையும், உள்ளே இருக்கும் காற்று சூட்டைத் தடுக்கும். கீழிருந்து பார்க்கும்போது வரிசையாக வட்டங்கள் தெரிவது கண்ணுக்கு இதம். மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, சட்டியும் குடிநீர்ப் பானையும் அங்கிருந்தே வாங்கலாம். மேலே வெள்ளைச் சுண்ணாம்புப் பூச்சு. நாட்டு ஓடு எனக்குப் பிடிக்கும், ஆனால் குரங்கு வரும் பகுதியில் ஒரு வருடம் தாங்காது.

மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. திருமங்கலம் பக்கம் கரிசல், ஈரத்தில் உப்பி வெயிலில் சுருங்கி ஆழம் குறைந்த அஸ்திவாரத்தை அசைத்துவிடும். அங்கே அடியில் குமிழ் வைத்த பைல் (மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் காங்கிரீட் தூண்) அஸ்திவாரம், மூன்றரை மீட்டருக்குக் குறையாத ஆழத்தில். மேலூர்ப் பக்கச் செம்மண்ணில் சாதாரண அஸ்திவாரமே போதும். எதுவானாலும் மண் பரிசோதனை செய்யாமல் வரையாதீர்கள்.

கழிப்பறை

முகப்பைப் பற்றி மூன்று கூட்டம் பேசுவோம், கழிப்பறையைப் பற்றிக் கடைசி ஐந்து நிமிடம் பேசுவோம். இதை மாற்றுங்கள். ஒரு தாய் தன் மகளையும் மாமியாரையும் கூட்டிக்கொண்டு கரைக்கு வருவாரா மாட்டாரா என்பதை முடிவு செய்வது கழிப்பறைதான்.

பெண்கள் பக்கத்துக்கு ஆண்களைவிட இரண்டு மடங்கு அறைகள் வேண்டும். நுழைவாசல் சாலை வெளிச்சத்தில், டீக்கடையின் பார்வையில் இருக்க வேண்டும். கட்டடத்தின் பின்புறச் சந்தில் வைத்தால் இருட்டியதும் யாரும் போக மாட்டார்கள். நாப்கின் போட மூடியுள்ள தொட்டி, பை மாட்ட ஆணி, சேலை தரையில் படாமல் நிற்க உலர்ந்த ஒரு சதுர அடி. இவை சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் இவை இல்லாத கழிப்பறையை ஒருமுறை பார்த்த பெண் மறுமுறை வர மாட்டார். துப்புரவுப் பணியாளருக்குத் தனியாக ஒரு அறை, குழாய், உடை மாற்ற மறைவு, உட்கார நாற்காலி எல்லாம் வரைபடத்திலேயே இருக்கட்டும்.

சக்கர நாற்காலிக்கான சாய்தளம் 1:12 சரிவில் இருக்க வேண்டும். தரை 90 செ.மீ. உயரம் என்றால் சரிவு மட்டுமே 10.8 மீட்டர், நடுவில் ஒன்றரை மீட்டர் இளைப்பாறும் தளம், ஆக மொத்தம் 12.3 மீட்டர். முதலிலேயே இந்த நீளத்துக்கு இடம் ஒதுக்காதவர்கள்தான் கடைசியில் செங்குத்தாக ஒன்றைக் கட்டி வைக்கிறார்கள். கதவு 90 செ.மீ. திறப்பு, உள்ளே நாற்காலி திரும்ப ஒன்றரை மீட்டர் வட்டம், கைப்பிடி 76 செ.மீ.யிலும் 90 செ.மீ.யிலும் இரண்டு வரிசை.

கழிவுநீர் பாதாளச் சாக்கடையில் சேர வழி இருந்தால் அதுவே நல்லது. இல்லையென்றால் தொட்டியைக் கண்மாயிலிருந்து மிகத் தொலைவில், சாலை ஓரத்தில், மேலே சொன்ன மிதப்புக் கணக்கைப் போட்டு அடியில் கனமான காங்கிரீட் தளத்தோடு பிணைத்துக் கட்டுங்கள். தண்ணீருக்கும் கணக்கு உண்டு. ஒரு மாலையில் நூறு பேர் பயன்படுத்தினால் தலைக்குப் பத்து லிட்டர் என்று ஆயிரம் லிட்டர். மோட்டார் பழுதாகும் நாளையும் சேர்த்து மூவாயிரம் லிட்டர் இருப்பு வையுங்கள்.

குளிக்கலாமா?

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வகைப்பாட்டில் வெளியிடக் குளியலுக்கு உகந்த நீர் என்றால் மொத்தக் கோலிபார்ம் (மலக் கலப்பைக் காட்டிக்கொடுக்கும் பாக்டீரியா) நூறு மில்லி லிட்டரில் 500-க்கு மேல் போகக் கூடாது. கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மில்லி கிராமுக்குக் குறையக் கூடாது. பி.ஓ.டி., அதாவது நீரில் உள்ள கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன், லிட்டருக்கு 3 மில்லி கிராமுக்கு மேல் கூடாது. நீரின் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். 6.5-லிருந்து 8.5-க்குள். சாக்கடை கலக்கும் நகரக் கண்மாய் இதில் தேறுவது கடினம். மழைக்குப் பின் ஒருமுறை, தண்ணீர் வற்றும் மாசியில் ஒருமுறை பரிசோதித்துப் பாருங்கள். இரண்டிலும் தேறாதவரை குளிக்கும் துறை என்று பெயர்ப் பலகை வைக்காதீர்கள். சாக்கடை சேரும் வாயை அடைப்பதற்கு மாநகராட்சியிடம் மனு கொடுப்பது மண்டபம் கட்டும் வேலையின் ஒரு பகுதிதான்.

இன்னொரு பயம் குழி. வண்டலும் கரம்பையும் அள்ளிய இடங்கள் தண்ணீருக்கடியில் தெரியாது. இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து போகும் பிள்ளை ஒரே அடியில் இரண்டு ஆள் ஆழத்துக்குள் போய்விடும். ஒவ்வொரு கோடையிலும் இப்படிப் பிள்ளைகளை இழக்கிறோம். கண்மாய் வறண்டிருக்கும் பங்குனி சித்திரையில் படித்துறைக்கு முன்னால் ஐம்பது மீட்டர் வரை நடந்து பாருங்கள். இருக்கும் குழிகளைத் துறையின் ஒப்புதலோடு சரிவாக்கிச் சமப்படுத்தச் சொல்லுங்கள். இதைச் செய்ய வறண்ட காலம் ஒன்றே சமயம். மண்டபத் தூணில் மிதவை வளையமும் நீண்ட கயிறும் பூட்டில்லாமல் தொங்கட்டும். கைப்பிடிக் கம்பிகளுக்கு இடைவெளி பத்து செ.மீ.க்கு மேல் போகாமல் இருந்தால் சின்னக் குழந்தையின் தலை நுழையாது.

மரமும் விளக்கும்

மருதமரம் நீர்க்கரையில் இயல்பாக நிற்கும், நம் ஊர்ப் பெயரோடு அதைச் சேர்த்துச் சொல்கிறவர்களும் உண்டு. மண்டபத்தைச் சுற்றி நீர்மருது, புங்கை, நாவல், இலுப்பை வையுங்கள். கரையின் மேல் பெரிய மரம் வேண்டாம், வேர் செத்த பிறகு அந்தத் துளை வழியாக நீர் கசியும். அங்கே புல்லும் வெட்டிவேரும் போதும். சீமைக் கருவேலத்தை வேரோடு எடுங்கள், ஆனால் உள்வாயில் பறவை அடைந்திருக்கும் நாட்டுக் கருவேல மரங்களைத் தொடாதீர்கள். கோரையும் சம்பும் கொஞ்சம் இருந்தால் தாழைக்கோழிக்கும் நாமக்கோழிக்கும் இடம். முழுக்கச் சுத்தமாக்கினால் பறவை வராது.

விளக்கைக் கீழ்நோக்கி, மஞ்சளாக, தேவையான இடத்தில் மட்டும் போடுங்கள். வெள்ளை வெளிச்சம் போட்டால் முதல் மழைக்குப் பிறகு ஈசல் வந்து மண்டபத்தை மூடிவிடும், காலையில் இறக்கையை வாரிக் கூட்ட வேண்டும். தண்ணீர் மேல் வெளிச்சம் படவே கூடாது. பாதையிலும் கழிப்பறை வாசலிலும் மட்டும் இரவு முழுவதும் எரியட்டும், மற்றவற்றை ஒன்பதரைக்கு அணைத்துவிடலாம்.

திறந்த பிறகு

காவலருக்கும் துப்புரவுப் பணியாளருக்கும் மூன்று வருடச் சம்பளம் எங்கிருந்து வரும் என்று எழுத்தில் வாங்காமல் வேலையைத் தொடங்காதீர்கள். மண்டபத்தின் ஓரத்தில் டீக்கடைக்கு ஒரு சின்ன இடம் கொடுத்தால், வாடகையும் கிடைக்கும், காலை ஐந்து மணி முதல் இரவு வரை ஒரு கண்ணும் இருக்கும். பருத்திப்பாலும் ஜிகர்தண்டாவும் விற்கட்டும். ஆனால் அந்தக் கடையின் மேசை மண்டபத்துக்குள் ஓர் அங்குலம்கூட நகரக் கூடாது, எதுவும் வாங்காமல் உட்காருகிறவருக்குத்தான் அந்த மண்டபம் சொந்தம். ஒப்பந்தத்தில் இதை எழுதி, தரையில் கல்லிலேயே கோடு வெட்டிவிடுங்கள்.

திறப்பு விழாவைக் கண்மாய் வறண்டிருக்கும் வைகாசியில் வைக்கச் சொல்வேன். பந்தல் போட்டபோது வந்த மடைக்காரரையும் மீன் குத்தகைக்காரரையும் பூசாரியையும் முன்வரிசையில் உட்கார வையுங்கள். தண்ணீர் வந்த பிறகு எல்லோரும் வருவார்கள். வெறும் தரையைப் பார்த்து உட்கார முதல் வருடம் எத்தனை பேர் வருகிறார்கள் என்று காவலர் தினமும் ஒரு நோட்டில் எழுதட்டும். பக்கத்துப் பத்தியில் கலுங்கிலிருந்து தண்ணீர் எத்தனை அடி கீழே நிற்கிறது என்றும் எழுதட்டும். அடுத்த கண்மாயில் மண்டபம் கட்டப் போகிறவர் முதலில் அந்த நோட்டைக் கேட்டுத்தான் வருவார்.